ஹெக்சாடெக்கேனில் அந்துருண்டை

ஜனவரி 6

அன்புள்ள மகனுக்கு,

இங்கே இருவரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் இருமல் நின்றதா?

நேற்று போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். காரணம் இருக்கிறது. நேற்றுக் காலையில்தான் எங்கள் ஆய்வகத் தலைவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவரை நாங்கள் மூன்றாம் தசமம் என்று அழைப்பது உனக்குத் தெரியும். மணி கேட்டால்கூட விநாடியைப் பின்னமாகச் சொல்லக்கூடியவர். நீ சேர்ந்திருக்கிறாயே, கணிப்புப் போட்டி, அதற்கான அளவீடுகள் எங்களிடம் வந்திருக்கின்றன. பதினைந்து ஜோடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரவ ஹைட்ரோகார்பன், அதில் கரைந்த ஒரு பொருள். கரைந்தது அந்தத் திரவத்துக்குள் எவ்வளவு வேகமாக விரவுகிறது என்று நாங்கள் அளக்க வேண்டும். பதினொரு குழுக்கள் அதே எண்ணை அளக்காமல், கணினியில் கணித்துச் சொல்ல வேண்டும். எங்கள் எண்கள் உறைக்குள் போகும். மே எட்டாம் தேதி உறையைத் திறந்து, இரண்டையும் அருகருகே வைப்பார்கள்.

அளக்கப்போவது நான்.

தலைவரிடம் உடனே சொல்லிவிட்டேன், கணிப்பவர்களில் ஒருவன் என் மகன் என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் வாயைத் திறக்காம இருப்பீங்களா?" என்றார். "நான் இருப்பேன் சார். அவனுக்கும் சேர்த்து நானே இருப்பேன்" என்றேன்.

அதனால் மே வரை நமக்குள் போன் வேண்டாம். நான் "ம்" சொல்வதை வைத்தே வீட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறவன் நீ. கடிதம் எழுதுவோம். அதிலும் ஓர் ஒழுங்கு. உன் கடிதம் கைக்கு வந்த பத்தாம் நாள் பதில் போடுவேன். ஒரு நாள் முன்னால் இல்லை, ஒரு நாள் பின்னால் இல்லை. சீக்கிரம் எழுதினாள், தாமதமாக எழுதினாள் என்று அதிலிருந்து நீ எதையும் படித்துவிடக் கூடாது. நடக்கிற வேலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

அவசரம் என்றால் அப்பாவைக் கூப்பிடு. தையற்காரருக்கு அளவு என்றால் இடுப்பளவு. அவரிடமிருந்து எதுவும் கசியாது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


ஜனவரி 19

அம்மாவுக்கு,

இருமல் போய்விட்டது. தனிக்கட்சிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பேச்சுவார்த்தை வேண்டாம்.

பத்தாம் நாள் ஏற்பாட்டைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ அதைச் செய்வாய் என்று தெரியும்.

என் அறை மூன்றாம் மாடியில். ஒரு ஜன்னல். வெளியே எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. திரையில் ஒரு சிறு கனசதுரம், அதற்குள் நானூறு மூலக்கூறுகள். அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்வதை நாள் முழுக்கப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில். அதிலிருந்து ஓர் எண்.

நீ செய்வதை நினைத்துக்கொள்கிறேன். முப்பது மீட்டர் எஃகுக் குழாய், தையல் ஊசி அளவு மெல்லியது, சுருளாகச் சுற்றி வெந்நீர்த் தொட்டிக்குள். ஒரு முனையில் ஒரு துளி கரைசலைச் செலுத்துகிறாய். நாலு மணி நேரம். மறுமுனையில் துளி பரந்து வந்து சேர்கிறது, கருவியின் வரைபடத்தில் ஒரு மேடாக. மேட்டின் அகலம்தான் உன் எண். இதை எழுதுவதில் தவறில்லை, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நான் இதுவரை ஒரு துளியையும் தொட்டதில்லை. நீ இதுவரை ஒரு மூலக்கூறையும் பார்த்ததில்லை. ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம் ஒரே குடும்பத்தில்.

இன்னொன்று. என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. கைடு நேராகவே சொல்லிவிட்டார். "முதல் மூணு இடத்துக்குள்ள வா. ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி நானே எழுதுறேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

உன்மேல் பாரம் ஏற்றத்தான் இதை எழுதுகிறேனா என்று எழுதும்போதே தோன்றியது. அடித்துவிடவில்லை.

அப்பாவுக்கு என் அன்பு.

உன் மகன்


ஜனவரி 31

அன்புள்ள மகனுக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்ததில் முழங்கால் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது, ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். நேற்று ஊசியில் நூல் கோக்க முடியாமல் நூலைத் திட்டினார்.

சமையலறைக் குழாய் மீண்டும் ஒழுகுகிறது. கீழ்வீட்டு ஆசிரியை பூனை வளர்க்கிறாள். பூனை எங்கள் வீட்டில் வளர்கிறது.

நடக்கிற வேலைக்குத்தான் பூட்டு. நடந்து முடிந்ததற்கு இல்லை. ஆகவே பழைய கதை ஒன்று. நீ பள்ளியில் இருந்தாய், அப்போது சொல்லவில்லை.

எங்கள் பம்பு ஒன்று அரை சதவீதம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. வெளியே வருகிற திரவத்தை ஒரு நாள் எடை போட்டுப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக அப்படி ஓடுகிறது என்று சொல்ல முடியாது. நாலு மாத எண்கள். அட்டவணை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. போய்ச் சொன்னேன். அப்போது வேறு தலைவர். "அரை சதவீதம்தானேம்மா, விட்டுடுங்க" என்றார். "இனிமே அது அளவு இல்ல சார், அபிப்பிராயம்" என்றேன். அட்டவணை நின்றது. நாலு மாதத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். எதிர்த்துப் பேசியதற்கு எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

அந்த மெமோ பத்திரமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

வெயில் ஏறுவதற்குள் அறைக்கு ஒரு திரைச்சீலை வாங்கிப் போடு.

அம்மா


பிப்ரவரி 14

அம்மாவுக்கு,

நலம்தான். தூக்கம் குறைவு. அப்பா கண்ணாடி போட்டாரா? நூலைத் திட்டுவதை நிறுத்திவிட்டாரா?

பதினான்கு ஜோடிகள் முடிந்தன. ஹெக்சேன், ஆக்டேன், டெக்கேன். எல்லாம் குட்டைச் சங்கிலிகளால் ஆன திரவங்கள். நூலகத்தில் கிடைக்கும் பழைய அளவீடுகளோடு ஒப்பிட முடிந்தவற்றை ஒப்பிட்டேன். இரண்டு சதவீதத்துக்குள் நிற்கின்றன. எழுந்து நின்று எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். பார்க்க யாரும் இல்லை.

பதினைந்தாவது, ஹெக்சாடெக்கேனில் நாஃப்தலீன். துணி அலமாரியில் போடுகிற அதே அந்துருண்டை, பதினாறு கரி அணு நீளமுள்ள சங்கிலிகளுக்கு நடுவே. நாற்பது டிகிரி சூடு.

இங்கேதான் இடிக்கிறது. நீளச் சங்கிலி எப்படி வளையும் என்பதைக் கணினிக்கு இரண்டு விதமாகச் சொல்லலாம். கொஞ்சம் விறைப்பாக. அல்லது கொஞ்சம் தொளதொளப்பாக. விறைப்பாகச் சொன்னால் விரவும் வேகம் 0.88 என்று வருகிறது. தொளதொளப்பாகச் சொன்னால் 1.07. நடுவில் நிற்க இடமில்லை. இரண்டில் ஒன்று தப்பு.

மற்ற பதினான்குக்கும் விறைப்புச் சங்கிலிதான். முதல் நாளே முறைக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: பதினைந்துக்கும் ஒரே வழி. ஆகவே 0.88 என்று வைத்திருக்கிறேன்.

உனக்கு எண்ணைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். நீதான் எனக்குச் சொல்லக் கூடாது. நான் உனக்குச் சொல்லலாம். இல்லையா.

கணிப்புகளை அனுப்ப மார்ச் 20 கடைசி நாள்.

உன் மகன்


மார்ச் 7

அம்மாவுக்கு,

நலமா? இந்த முறை உண்மையிலேயே கேட்கிறேன்.

தபாலுக்கு மூன்று நாள் விட்டாலும் இன்று பதினெட்டாம் நாள். பத்தாம் நாள் கடிதம் வரவில்லை. ஐந்து நாள் பொறுத்தேன். நேற்று அப்பாவைக் கூப்பிட்டேன். உடம்பு ஏதாவது என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லடா. நல்லா சாப்பிடுறா, மாடிப்படி ஏறுறா. உன் லெட்டர் வந்த அன்னைக்கு அதை நாலா மடிச்சா, எட்டா மடிச்சா, பைக்குள்ள வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டா. அன்னையிலேர்ந்து பேச்சைக் குறைச்சுட்டா. எங்கூட சண்டைகூட போடல. எனக்கே பயமா இருக்கு."

பிறகு குழாய் ஒழுகல் நின்றது பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்.

நான் எதையும் கேட்கவில்லை, அம்மா. உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

திரைச்சீலை வாங்கிவிட்டேன். நீலம். அறை மீன்தொட்டி மாதிரி இருக்கிறது.

உன் மகன்


மார்ச் 10

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம். அப்பா சுகம். கண்ணாடி போட்டுக்கொண்டார். முதல் நாள் என்னைப் பார்த்து, "இவ்ளோ நரைச்சிருக்கா?" என்றார்.

பதில் தாமதம். காரணம் எழுத மாட்டேன்.

இனி எனக்கு எந்த எண்ணும் எழுதாதே.

குழாய் சரியாகிவிட்டது. பூனை இரண்டு குட்டி போட்டிருக்கிறது, எங்கள் துணிக்கூடையில். அப்பா அளவு நாடாவால் அவற்றை அளந்துகொண்டிருக்கிறார்.

தூக்கத்தைக் குறைக்காதே.

அம்மா


மார்ச் 21

அம்மாவுக்கு,

இங்கே நலம். குட்டிகளின் இடுப்பளவு என்னவாம்?

நீ எழுதியதும் நான் எழுதியதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் படிக்க எதுவும் இல்லை. அதனால்தான் மூன்று தரம்.

நேற்று காலை பதினோரு மணிக்கு அனுப்பிவிட்டேன். பதினைந்து எண்கள், ஒரு பக்கம் முறைக்குறிப்பு. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

பதினைந்தாவது இடத்தில் எதை எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். நீ விதித்தபடி. நீ எழுதாமல் விட்ட நாட்களை நான் கணக்கில் எடுத்தேனா என்று நீ கேட்க மாட்டாய். நானும் சொல்லப்போவதில்லை.

அனுப்பிய பிறகு கீழே இறங்கித் தெருவில் நடந்தேன். மருந்துக்கடை, சைக்கிள் கடை, சாவி செய்கிறவர். சாவிக்காரர் ஒரு சாவியை அராவுகிறார், பூட்டில் போட்டுப் பார்க்கிறார், மறுபடி அராவுகிறார். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அவருக்கு அந்தப் பூட்டு பக்கத்திலேயே இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்


ஏப்ரல் 3

அன்புள்ள மகனுக்கு,

சுகம். முழங்கால் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டது.

அப்பா உனக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறார். உறை திறக்கும் நாளில் போட்டுக்கொள்ளவாம். அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எம்புள்ள அளவு எனக்குத் தெரியாதா" என்றார். அது போன வருஷ அளவு, இப்போது இளைத்திருப்பான் என்றேன். "அப்ப அவன்தான் சரியா இல்ல. சட்டை சரியாத்தான் இருக்கு" என்றார். உங்கள் தொழிலில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டையைத் தனியே அனுப்புகிறேன். சாம்பல் நிறம். பித்தான் நான் தைத்தது, அதனால் பிய்யாது.

சாவிக்காரர் பற்றி எழுதியது பிடித்திருந்தது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கேட்கவில்லை.

மே எட்டுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள்.

அம்மா


மே 10

அம்மாவுக்கு,

நலம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நலம்தான்.

அறிக்கை வந்ததும் நான் எப்படியும் கூப்பிடுவேன் என்று நீ நினைத்திருப்பாய். கையில் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். சிலவற்றை எழுதினால்தான் சொல்ல முடியும்.

பதினொரு பேரில் ஐந்தாம் இடம். பதினான்கு எண்களில் நான்தான் முதல். பதினைந்தாவது விழுந்தது. என் எண் 0.88. உறையில் இருந்தது 1.09. ஐந்தில் ஒரு பங்கு பிழை. 1.07 போட்டிருந்தால் முதல் இடம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே இப்போது சொல்லலாம். நான் மாற்றவில்லை.

அதை எளிதாகச் செய்தேன் என்று நினைக்காதே. மார்ச் பத்தொன்பதாம் தேதி 1.07 என்று அடித்து வைத்திருந்தேன். இரண்டே விடைகள் இருக்கிற கேள்விக்கு, நீ பேசாமல் இருந்ததே பதில். உன் எண் 0.88-க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் நீ பத்தாம் நாள் பூனையைப் பற்றி எழுதியிருப்பாய். அப்படித்தான் படித்தேன். தொளதொளப்புச் சங்கிலிதான் ஏன் சரி என்று ஒரு பத்தியும் எழுதினேன். நல்ல பத்தி. எந்த நிபுணரும் ஏற்றுக்கொண்டிருப்பார். மறுநாள் காலை அதைத் திரும்பப் படித்தபோது, அதில் என் வேலையிலிருந்து வந்த காரணம் ஒன்றுகூட இல்லை. அடியில் இருந்தது முழுக்க நீயும் அப்பாவும். அழித்தேன். 0.88 என்று அடித்தேன். பதினோரு மணி.

அப்போது அந்த எண் தப்பு என்று எனக்குக் கிட்டத்தட்டத் தெரியும். தெரிந்தே அனுப்பினேன்.

நேற்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். யார் எதை அளந்தார்கள் என்ற பட்டியல். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று அளவீட்டு ஓட்டங்கள். எல்லாவற்றுக்கும் எதிரே உன் கையெழுத்து. பதினைந்தாவதில் மட்டும் முதல் இரண்டுக்கு உன் கையெழுத்து, மூன்றாவதுக்கு வேறு யாரோ. அடிக்குறிப்பு: "மூன்றாவது ஓட்டம் இன்னொருவரால், கரைபொருள் எதுவென்று அறியாமல், செய்யப்பட்டது." தேதி பிப்ரவரி 26.

என் கடிதம் உன் கைக்கு வந்த ஒன்பதாம் நாள்.

உனக்கு இன்னும் ஓர் ஓட்டம் மிச்சம் இருந்தது. நான் எண்ணை எழுதினேன். அதற்குப் பிறகு உன்னால் அதைச் சுத்தமாக அளக்க முடியாது. குழாயை விட்டு நீ விலகிக்கொண்டாய். இதுதானே? நான் வெறுமனே பூட்டிய பெட்டியைக் குலுக்கிப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். பெட்டிக்குள் உன் வேலை இருந்தது. நான் எழுதியது தற்செயல் இல்லை, அம்மா. நீ ஏதாவது செய்வாயா என்று பார்க்கத்தான் எழுதினேன். எழுதும்போதே தெரியும்.

மன்னித்துவிடு என்று மட்டும் எழுதினால் போதாது. வேறு வார்த்தை தெரியவில்லை.

கைடு கேட்டார், "ரெண்டாவது வழியும் உங்கிட்ட இருந்ததே, ஏன் அதுல போகல?" முறைக்குறிப்பில் ஒரே வழி என்று எழுதியிருந்தேன் என்றேன். "நல்லது. ஆனா நீட்டிக்கச் சொல்லி நான் எழுத முடியாது" என்றார். ஆகஸ்டோடு சரி. ஒரு கல்லூரியில் பகுதிநேர இடம் இருக்கிறதாம், எழுதிப் போட்டிருக்கிறேன்.

என் கனசதுரத்துக்குள் என்ன நடந்தது என்றும் பார்த்தேன். விறைப்புச் சங்கிலிகள் நீளமானதும் தீக்குச்சிகள் மாதிரி பக்கம் பக்கமாக வரிசைகட்டி நின்றிருக்கின்றன. அந்துருண்டைக்கு நகர இடமில்லை. குட்டைச் சங்கிலியில் இது தெரியவே தெரியாது. நீளம் கூடக்கூட பிழை எப்படி வளர்கிறது என்று ஒரு கோடு வரைந்திருக்கிறேன். அழகான கோடு. அதை எழுதி முடித்துவிட்டுத்தான் இந்த அறையைக் காலி செய்வேன்.

சட்டை தோளில் கொஞ்சம் பெரிது. அப்பாவிடம் சரியாக இருக்கிறது என்று சொல்.

உன் மகன்


மே 16

அன்புள்ள மகனுக்கு,

நேற்று போனில் நிறையப் பேசினோம். பேசியதில் பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் அப்பா சட்டையைப் பற்றிக் கேட்டார். சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது.

நீ ஊகித்தது சரி. உன் கடிதம் வந்தபோது 1.08, 1.10 என்று இரண்டு ஓட்டம் முடிந்திருந்தது. மூன்றாவதை என்னால் செய்திருக்க முடியும். ஆனால் மேடு வந்து சேரும்போது அதன் ஓரத்தை எங்கே வெட்டுவது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். கண்ணில் உன் எண் இருந்தது. உன் பக்கம் சாய்வேனோ என்று பயந்தேன். சாயக் கூடாது என்ற பிடிவாதத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்று அதைவிடப் பயந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் தசமத்திடம் போனேன். "லெட்டரைக் குடுங்க" என்றார். குடும்பக் கடிதம் சார் என்றேன். "அதனாலதான் கேக்குறேன்" என்றார்.

மூன்றாவது ஓட்டத்தை யாரிடம் கொடுப்பது? அந்தக் குழாயைத் தொடத் தெரிந்த இன்னொரு ஆள், வாயுப் பிரிவுக்காரர். அவரும் நானும் அறையின் ஏசி அளவு விஷயமாக ஒன்பது வருஷம் பேசிக்கொண்டதில்லை. போய் நின்றேன். எனக்கு இதை அளந்து கொடுங்கள், என்னவென்று கேட்காதீர்கள் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் அளந்தார். 1.09. தாளை என் மேஜையில் வைத்து, அங்கிருந்த என் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "உங்க கை தப்பா இருக்கும், ஒரு நாளாவது சிரிக்கலாம்னு பார்த்தேன் மேடம். குடுத்து வெக்கல" என்றார். மகனே, இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மெமோவைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உறை ஒட்டும்வரை உனக்கு ஒரு வரியும் எழுதக் கூடாது என்றார் தலைவர். அதனால்தான் மார்ச் பத்து. என் மௌனத்தை நீ எண்ணைப் பற்றியது என்று படித்தாய். 0.88 சரியாக இருந்திருந்தாலும் அதே அளவு மௌனம்தான் இருந்திருக்கும்.

இனி உனக்குத் தெரியாதது. உன் கடிதத்தின் அந்த ஒரு பக்கத்தை அவர் பிரதி எடுத்து, உறைக்குள் எங்கள் எண்களோடு வைத்து ஒட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார், "உங்க பையன் அனுப்புற எண்ணு இதுலேர்ந்து மாறியிருந்தா, உங்க வழியாத்தான் மாறிச்சுன்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் எழுத வேண்டி வரும்."

உன்னை எச்சரிக்க வழியில்லை. மாற்றாதே என்று எழுதினாலும் அது எண்ணைப் பற்றிய பேச்சு. மாற்றினால் உனக்கு வேலை. மாற்றினால் எனக்கு இருபத்தாறு வருஷமும் போச்சு. இந்த இரண்டில் முதலாவது மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் பூனைக்குட்டி பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்குகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

நீ செய்ததைத் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணை எழுதியது தப்பு. அது உனக்கே தெரியும், அதோடு விடு.

மே எட்டு. கூட்ட அறையில் பதினெட்டுப் பேர். பெரிய திரையில் அட்டவணை. ஒவ்வொரு ஜோடியாகத் திறந்தார்கள். பதினான்கு தடவை உன் பெயர் மேலே இருந்தது, பதினான்கு தடவையும் நான் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது வந்தது. உடனே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தேன். 0.88.

தலைவர் உறையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தார். விரித்தார். திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தாளை மேஜையைச் சுற்றிக் கைமாற்றி விட்டார். தாள் கடைசியாக வாயுப் பிரிவுக்காரரிடம் வந்தது. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் அளந்தது எது, எதற்காக என்று.

"இது உங்க பையனா மேடம்?" என்றார். "அஞ்சுல ஒரு பங்கு தள்ளிப் போயிருக்கே."

"ஆமா. என் பையன்தான்" என்றேன். "அது அவனே போட்ட எண்ணு."

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டதாம். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அம்மா